போர்ச் செய்தியில் விடுபடும் பாதி: ஊடகங்களும் பாலினச் சமத்துவமும்

போர் மூண்டதும் செய்தி அறைகளில் முதலில் ஒத்திவைக்கப்படும் பேச்சுகளுள் ஒன்று பாலினச் சமத்துவம். ஊர்கள் எரிகின்றன, மக்கள் இடம்பெயர்கிறார்கள், தணிக்கை நெருக்குகிறது. இந்த நேரத்தில் எத்தனை பெண்களிடம் கருத்துக் கேட்டோம் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஆனால் இரண்டாம் உலகப் போர் முதல் இன்றுவரையிலான போர்ச் செய்தியின் வரலாற்றைப் புரட்டினால் அந்த ஒத்திவைப்புக்குக் கொடுத்த விலை தெரிகிறது. பெண்களின் சொந்தக் குரல் விடுபட்ட இடத்தில்தான் பரப்புரை வந்து குடியேறியிருக்கிறது.

இந்தக் கட்டுரை நான்கு கேள்விகளைப் பின்தொடர்கிறது. போரைப் பற்றி எழுதுவது யார்? எழுதுபவர்கள் யாரிடம் கேட்கிறார்கள்? பெண்ணை எந்த உருவத்தில் காட்டுகிறார்கள்? களத்தில் நிற்கும் பெண் செய்தியாளருக்கு என்ன பாதுகாப்பு? இவற்றுக்கான விடைகளைப் பல நாடுகளின் அனுபவத்திலிருந்து தொகுத்து, எந்த வழிகள் பலன் தந்தன என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

எண்கள் காட்டும் நிலை

1995-ல் பெய்ஜிங்கில் நடந்த நான்காவது உலகப் பெண்கள் மாநாடு 12 துறைகளைக் கவலைக்குரியவையாக அறிவித்தது. பெண்களும் ஆயுத மோதலும் அவற்றுள் ஒன்று. பெண்களும் ஊடகமும் இன்னொன்று. இரண்டும் தனித்தனி அத்தியாயங்களாக அமைந்தன. போர்க்கால ஊடகம் என்பது அவற்றின் இடைவெளியில் விழுந்துவிட்டது. 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1325-ஆம் தீர்மானம், போர்த் தடுப்பிலும் அமைதிப் பேச்சிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றது. அந்த இடம் கிடைத்ததா என்று மக்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஊடகம் அதன் மையத்தில் இல்லை.

செய்தியில் பெண்களின் இடத்தை அளக்கும் மிகப் பெரிய முயற்சி, 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம். ஒரே நாளில் பல நாடுகளின் செய்திகளைத் தன்னார்வலர்கள் அலசி, அதில் பேசுவது யார், பேசப்படுவது யார் என்று கணக்கெடுக்கிறார்கள். முதல் கணக்கெடுப்பில் செய்தியில் இடம்பெற்றவர்களுள் பெண்கள் 17 விழுக்காடு. 116 நாடுகள் பங்கேற்ற 2020 கணக்கெடுப்பில் 25 விழுக்காடு. கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளிகள்தான் உயர்ந்திருக்கின்றன. அதே 2020-ல் செய்தியாளர்களுள் பெண்கள் 40 விழுக்காட்டை எட்டியிருந்தனர். வல்லுநர்களாகக் கருத்துச் சொன்னவர்களில் பெண்கள் 24 விழுக்காடு மட்டுமே.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கவனிக்க வேண்டும். ஒலிவாங்கியைப் பிடிக்கும் கை பெண்ணுடையதாக மாறிய வேகத்தில், அந்த ஒலிவாங்கி நீட்டப்படும் திசை மாறவில்லை. அமைதிக் காலத்திலேயே இதுதான் நிலை. போர் வந்தால் செய்தியின் பெரும்பகுதி படைத்தலைமை, பாதுகாப்பு அமைச்சகம், ஓய்வுபெற்ற தளபதிகள் என்று குறுகுகிறது. அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் ஆண்களே இருப்பதால் பெண் குரல் இன்னும் ஒடுங்குகிறது.

களத்துக்குள் நுழையும் உரிமை

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைத்தலைமை பெண் நிருபர்களுக்குப் போர்முனை அனுமதியை மறுத்தது. 1944 ஜூனில் நார்மண்டித் தரையிறக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று துடித்த அமெரிக்க எழுத்தாளர் மார்த்தா கெல்ஹார்ன், ஒரு மருத்துவக் கப்பலின் கழிவறையில் ஒளிந்துகொண்டு போய்க் கரையேறினார். அதற்காக அவருடைய நிருபர் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, போலந்து எல்லையில் ஜெர்மானியப் படைகள் குவிந்திருப்பதைக் கண்டு உலகுக்கு முதலில் சொன்னவர் பிரிட்டிஷ் நிருபர் கிளேர் ஹாலிங்வொர்த். நாளிதழ் வேலையில் சேர்ந்து அப்போது அவருக்கு ஒரு வாரம்கூட நிறைவடைந்திருக்கவில்லை. அப்படிப்பட்டவரையும் தளபதி மாண்ட்கோமரி வட ஆப்பிரிக்கப் போர்முனையிலிருந்து வெளியேற்றினார். வியட்நாமில் 1967-ல் அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட், பெண் நிருபர்கள் படையினரோடு இரவு தங்கக் கூடாது என்று ஆணையிட முயன்றார். முன்னரங்கு தொலைவில் இருந்ததால், இரவு தங்க முடியாதவர் அங்கே போகவே முடியாது. பெண் நிருபர்கள் ஒன்றுசேர்ந்து பென்டகனிடம் வாதாடி அந்த ஆணையை முறியடித்தார்கள்.

இந்தியாவிலும் இதே கதைதான். 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போது போர்முனைக்கு அனுப்பக் கேட்ட செய்தியாளர் பிரபா தத்துக்கு அவருடைய நாளிதழ் மறுப்புச் சொன்னது. விடுப்பு எடுத்துக்கொண்டு அவரே எல்லைக்குப் போய்ச் செய்தி அனுப்பினார். 1999-ல் கார்கில் மலையிலிருந்து அவருடைய மகள் பர்க்கா தத் தொலைக்காட்சியில் போரைச் சொன்னபோது நாடே பார்த்தது. ஒரு தலைமுறையில் கதவு திறந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் உள்ளே போனவர்கள் எதைச் செய்தியாகக் கருத வேண்டும் என்ற இலக்கணம் அதற்குள் எழுதப்பட்டு முடிந்திருந்தது.

ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது. ருவாண்டாவில் துட்சி இனத்தவருக்கு எதிரான 1994 இனப்படுகொலையைத் தூண்டிய ஆர்டிஎல்எம் வானொலியின் அறிவிப்பாளர்களுள் வலேரி பெமெரிக்கி என்ற பெண்ணும் இருந்தார். பின்னாளில் ஆயுள் தண்டனை பெற்றார். பெண் பேசினாலே அது பெண்களுக்கான குரல் ஆகிவிடாது. யாரைக் கேட்கிறோம், எதைச் சரிபார்க்கிறோம், யார் முடிவெடுக்கிறார் என்பவைதான் உரைகற்கள்.

போர் விரும்பும் பெண் உருவங்கள்

போர்ச் செய்தி பெண்ணை நான்கு அச்சுகளில் வார்த்து வந்திருக்கிறது: அழும் தாய், மானமிழந்தவள், அழகிய வீராங்கனை, எதிரியின் மாயக்காரி. நாடும் காலமும் மாறினாலும் இந்த அச்சுகள் தேய்வதில்லை. அவை அரசுகளுக்கும் படைகளுக்கும் வசதியானவை என்பதே காரணம்.

நான்காவது அச்சு எவ்வளவு கொடியது என்பதை ருவாண்டா காட்டியது. கங்குரா என்ற ஹூட்டு இனவாத இதழ் 1990 டிசம்பரில் வெளியிட்ட பத்துக் கட்டளைகளில் முதலாவதே துட்சிப் பெண்களைக் குறிவைத்தது. துட்சிப் பெண்ணை மணக்கும் ஹூட்டு ஆண் துரோகி என்றது. அதன் பக்கங்களிலும் வானொலியிலும் துட்சிப் பெண்கள் எதிரியின் மயக்கு ஆயுதமாகத் திரும்பத் திரும்பச் சித்திரிக்கப்பட்டார்கள். பிறகு நடந்த பாலியல் கொடூரங்களுக்கு அந்தச் சித்திரிப்பு வழியமைத்தது. 2003 டிசம்பர் 3 அன்று ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம், இந்த ஊடகங்களை நடத்தியவர்கள் மீதான வழக்கில் இதைத் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் தென்னாப்பிரிக்கத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த நவநீதம் பிள்ளை.

வீராங்கனை அச்சின் ஆபத்து வேறு வகை. 2003 மார்ச்சில் இராக்கின் நசிரியாவில் சிறைப்பட்ட அமெரிக்கப் படைவீரர் ஜெசிக்கா லிஞ்ச், கடைசித் தோட்டாவரை சுட்டுப் போராடினார் என்று ஒரு முன்னணி நாளிதழ் முதல் பக்கத்தில் எழுதியது. அவருடைய துப்பாக்கி பழுதாகியிருந்தது. அவர் ஒரு தோட்டாவும் சுடவில்லை. 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு அவரே வந்து, தன்னைப் பற்றிய கட்டுக்கதையை மறுத்தார். அதே தாக்குதலில் இறந்த லோரி பியஸ்டேவா என்ற பழங்குடிப் பெண்ணும், சிறைப்பட்ட ஷோஷானா ஜான்சன் என்ற கறுப்பினப் பெண்ணும் லிஞ்ச் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பங்கைக்கூடப் பெறவில்லை. எந்தப் பெண் கதையாகிறாள் என்பதை அவளுடைய நிறமும் தீர்மானிக்கிறது.

2025 மே 7 அன்று இந்தியப் படை நடவடிக்கையான ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்கியவர்கள் கர்னல் சோபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும். இந்திய வரலாற்றில் அது குறிப்பிடத்தக்க காட்சி. ஆனால் அதே வாரங்களில் நடந்த மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் நடந்த பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலில் கணவரை இழந்த இளம்பெண் ஒருவர், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் வெறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதற்காக இணையத்தில் இழிவுபடுத்தப்பட்டார். கணவரின் உடலருகே அமர்ந்திருந்த அவரைத் தேசத்தின் துயரமாகக் கொண்டாடிய அதே கூட்டம், அவர் வாய் திறந்ததும் அவர்மீது பாய்ந்தது. வெளியுறவுச் செயலரின் மகளும் இணையத்தில் தாக்கப்பட்டார். கர்னல் குரேஷியைப் பற்றி ஒரு மாநில அமைச்சர் பேசிய பேச்சுக்கு உயர் நீதிமன்றம் வழக்குப் பதிவு செய்ய ஆணையிட வேண்டியிருந்தது. உருவமாக நிற்கும் வரை போர்க்காலம் பெண்ணைப் போற்றுகிறது. கருத்துச் சொல்பவளாக அவள் மாறிய மறுகணம் தண்டிக்கிறது.

இந்த அச்சுகளால் ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள். இறந்தவர்களில் இத்தனை பேர் பெண்கள், குழந்தைகள் என்று எழுதும்போது, மீதியுள்ள ஆண்கள் எல்லாரும் போராளிகள் என்ற எண்ணம் சொல்லாமலே விதைக்கப்படுகிறது. ஆண்கள்மீதான பாலியல் வதை பேசப்படுவதே இல்லை. இலங்கை பற்றிய 2015-ஆம் ஆண்டு ஐ.நா. விசாரணை அறிக்கை, தடுப்புக்காவலில் ஆண்களும் பெண்களைப் போலவே அத்தகைய வதைக்கு உள்ளாகினர் என்று கண்டது. தமிழ் ஏடுகளில் அதைத் தேடினால் அரிதாகவே கிடைக்கும்.

யார் கேட்பது, எப்படிக் கேட்பது

அதே ருவாண்டாத் தீர்ப்பாயத்தில் முன்னாள் மேயர் அகயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லை. விசாரணையின்போது ஒரு பெண் சாட்சி போகிற போக்கில் அதைச் சொன்னார். அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதியான நவநீதம் பிள்ளை மேற்கொண்டு கேள்விகள் கேட்டார். பிற சாட்சிகளும் பேசத் தொடங்கினர். 1997-ல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று, பாலியல் வன்முறை இனப்படுகொலையின் கூறாகலாம் என்று உலகில் முதன்முறையாகத் தீர்ப்பு வந்தது. கேள்வி எழாமல் இருந்திருந்தால் அந்த உண்மை ஆவணத்திலேயே ஏறியிருக்காது. நீதிமன்றத்துக்குப் பொருந்துவது செய்தி அறைக்கும் பொருந்தும்.

ஆனால் கேட்பதிலும் அறம் வேண்டும். 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பு இராக்கின் சிஞ்சார் பகுதியைத் தாக்கி ஆயிரக்கணக்கான யசீதிப் பெண்களைச் சிறைபிடித்தது. தப்பி வந்தவர்களை நோக்கி உலக ஊடகங்கள் முகாம்களுக்கு விரைந்தன. பின்னர் ஆய்வாளர்கள் 26 யசீதிப் பெண்களிடம் அந்தச் செய்தியாளர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிக் கேட்டு 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேட்டி தர வற்புறுத்தியது, அடையாளத்தை மறைப்போம் என்ற உறுதியைக் காப்பாற்றாதது, கொடுமையை மறுபடி மறுபடி விவரிக்க வைத்தது என்று பெரும்பாலோர் குறைகளை அடுக்கினர். அப்படித் தப்பி வந்தவர்களுள் ஒருவரும் 2018-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவருமான நாடியா முராத், இந்த அனுபவத்திலிருந்துதான் ஒரு நடத்தை நெறிக்காக உழைத்தார். 2022 ஏப்ரலில் வெளியான முராத் நெறிமுறை, பாதிக்கப்பட்டவரின் முடிவே முதன்மை என்கிறது: அவர் எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம், தன் கதை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளலாம், தேவையற்ற பேட்டிகளிலிருந்து அவரைக் காக்க வேண்டும்.

சரிபார்ப்பும் இதே அறத்தின் பகுதி. 2022 மேயில் உக்ரைனின் மனித உரிமை ஆணையர் லியுத்மிலா டெனிசோவா பதவி நீக்கப்பட்டார். ரஷ்யப் படையினரின் பாலியல் குற்றங்களைப் பற்றிச் சரிபார்க்காத, அருவருப்பான விவரங்களை அவர் பொதுவெளியில் அடுக்கியதாக உக்ரைன் செய்தியாளர்களும் பெண்ணியச் செயற்பாட்டாளர்களும் திறந்த மடல் எழுதியிருந்தார்கள். அவர் நீக்கத்துக்குப் பிற காரணங்களும் சொல்லப்பட்டன. ஆனாலும், தம் நாடு தாக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தம் தரப்பு அதிகாரியிடம் இந்த ஒழுங்கைக் கேட்டார்கள் என்பதுதான் பெரிது. பொய்யான ஒரு விவரம் வெளிப்பட்டால், உண்மையாகப் பாதிக்கப்பட்ட நூறு பேரின் சாட்சியமும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஹமாஸ் இஸ்ரேல்மீது நடத்திய 2023 அக்டோபர் 7 தாக்குதல் பற்றிய ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி பிரமிளா பாட்டனின் 2024 மார்ச் அறிக்கையும் இதையே உணர்த்துகிறது. பல இடங்களில் பாலியல் வன்முறை நடந்ததாக நம்ப நியாயமான சான்று இருக்கிறது என்றது. ஊடகங்களில் பரவிய சில குற்றச்சாட்டுகளுக்கு அடிப்படை இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இரு தரப்பு ஆதரவாளர்களும் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெண்ணின் உடல் போரின் வாதப்பொருளாகும்போது, முழு உண்மையையும் சேர்த்துச் சொல்வதுதான் செய்தியாளரின் வேலை.

செய்தியாளருக்கு இரட்டை ஆபத்து

ஆண் செய்தியாளர் சந்திக்கும் குண்டும் சிறையும் பெண்ணுக்கும் உண்டு. அவற்றோடு பாலியல் தாக்குதலும் அவதூறும் சேர்கின்றன. 1992 டிசம்பரில் குரோஷியாவின் குளோபஸ் வார இதழ், ஸ்லவென்கா திராகுலிச், துப்ராவ்கா உக்ரேசிச் உள்ளிட்ட ஐந்து பெண் எழுத்தாளர்களைச் சூனியக்காரிகளாகவும் தேசத் துரோகிகளாகவும் சித்திரித்தது. போரில் நடக்கும் வன்புணர்வைப் பெண்கள்மீதான குற்றமாகவும் பார்க்க வேண்டும், தேசக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது என்று அவர்கள் சொன்னதுதான் பெரிய குற்றமாயிற்று. அவர்களுடைய மணவாழ்க்கை விவரங்கள்கூட அச்சேறின. அவர்களில் சிலர் நாட்டை விட்டே போனார்கள்.

கொலம்பியாவின் ஹினெத் பெதோயா 2000 மே 25 அன்று, ஆயுதக் கடத்தலைப் பற்றி விசாரிக்கச் சென்றபோது பொகோத்தாவின் சிறை வாசலில் கடத்தப்பட்டு வன்கொடுமைக்கு உள்ளானார். வாய் மூடியிருக்க மறுத்து, ஒன்பதாண்டு கழித்து வெளிப்படையாகப் பேசி ஓர் இயக்கம் தொடங்கினார். 2021-ல் அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் கொலம்பிய அரசைப் பொறுப்பாக்கியது. பெண் செய்தியாளர்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கத் தனி நிதி ஒதுக்கவும் ஆணையிட்டது. பெண் செய்தியாளரின் பாதுகாப்பு பொதுப் பாதுகாப்பு விதிகளில் அடங்கிவிடாது என்பதற்கு இத்தீர்ப்பு சட்டச் சான்று.

இணையம் இந்த ஆபத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. யுனெஸ்கோ ஆதரவுடன் 2020-ல் நடந்த ஆய்வில், பதிலளித்த பெண் செய்தியாளர்களில் 73 விழுக்காட்டினர் இணைய வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர் அது நேரடித் தாக்குதலாகவும் மாறியது என்றார். ஆப்கானிஸ்தானில் ஆட்சியே பெண் செய்தியாளர்களை ஒடுக்கியது. 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்தபின் பெண் செய்தியாளர்கள் பெருமளவில் வேலை இழந்தார்கள். 2022 மேயில் தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள் முகத்தை மூட வேண்டும் என்ற ஆணை வந்தபோது, டோலோ தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆண் அறிவிப்பாளர்களும் முகக்கவசம் அணிந்து திரையில் தோன்றினார்கள். தோழமை என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

உக்ரைன்: இன்றைய சோதனைக்களம்

இந்தக் கேள்விகள் அனைத்தும் ஒரே இடத்தில் கூடியிருப்பது உக்ரைனில். ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு ஆண் செய்தியாளர்கள் பலர் படைக்குப் போனார்கள். செய்தி அறைகளின் சுமை பெண்கள்மீது விழுந்தது. உக்ரைன்ஸ்கா பிராவ்தாவின் தலைமை ஆசிரியர் செவ்கில் முசயேவா, கீவ் இண்டிபெண்டன்டின் தலைமை ஆசிரியர் ஓல்ஹா ருடென்கோ இருவரும் பெண்கள். ராணுவத்தில் 60,000-க்கு மேற்பட்ட பெண்கள் பணியாற்றுகிறார்கள். அப்படியிருந்தும் அந்நாட்டின் ஊடகக் கண்காணிப்பு அமைப்புகள், போர் வல்லுநர்களாகப் பெண்கள் மேற்கோள் காட்டப்படுவது ஆண்களைவிட மிகக் குறைவு என்று தொடர்ந்து சுட்டுகின்றன. பெண் படைவீரரின் திறமையைவிட அழகைப் பேசும் தலைப்புகளையும் அவை கண்டித்து வருகின்றன.

இழப்பும் அங்கே பெண்களின் பெயரில் பதிவாகியிருக்கிறது. உக்ரைன் செய்தியாளர் விக்டோரியா ரோஷ்சினா, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் பொதுமக்கள் இரகசியமாகச் சிறைவைக்கப்படுவதைப் பற்றி எழுதத் துணிந்து உள்ளே போனவர். 2023 ஆகஸ்டில் காணாமல்போனார். 2024 செப்டம்பரில் 27 வயதில் ரஷ்யக் காவலில் இறந்தார். 2025 பிப்ரவரியில் ஒப்படைக்கப்பட்ட அவருடைய உடலில் சித்திரவதைக்கான தடயங்கள் இருந்தன. அதன்மேல் அடையாளம் தெரியாத ஆண் என்று எழுதியிருந்தார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து பல நாட்டுச் செய்தியாளர்கள் சேர்ந்து அந்த விசாரணையைத் தொடர்ந்து வெளியிட்டார்கள்.

உக்ரைனின் அனுபவம் ஒரு முக்கியமான வாதத்தைத் தகர்க்கிறது. உயிர்ப்போராட்டம் நடக்கும் நாட்டில் சமத்துவக் கணக்கெடுப்புக்கு நேரமில்லை என்பார்கள். உண்மையிலேயே உயிர்ப்போராட்டம் நடத்தும் நாட்டின் செய்தியாளர்களே அதை நிறுத்தவில்லை.

ஈழம்: நம் சொந்தக் கணக்கு

இந்தக் கேள்வி தமிழருக்கு அயலானது இல்லை. இந்திய அமைதிப் படை இலங்கையில் இருந்த காலத்தில் யாழ்ப்பாணப் பெண்கள் பட்டதை அவர்களிடமே கேட்டுப் பதிந்தவர் ராஜினி திராணகம. மருத்துவப் பேராசிரியரான அவர், முறிந்த பனை நூலின் ஆசிரியர்களில் ஒருவர். எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்டவர். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஊடகம் செய்திருக்க வேண்டிய பணியை ஒரு மருத்துவர் செய்து உயிரையும் கொடுத்தார்.

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002-ல் தொடங்கிய அமைதிப் பேச்சில் பாலின விவகாரத் துணைக்குழு ஒன்று இருந்ததை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அரசுத் தரப்பில் ஐவர், புலிகள் தரப்பில் ஐவர் என எல்லாரும் பெண்கள். குமாரி ஜெயவர்தனவும் தமிழினியும் முறையே அந்த இரு தரப்புக்கும் தலைமை தாங்கினர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினர். அடுத்த மாதமே பேச்சுவார்த்தை முறிந்ததும் அந்தக் குழுவும் மறைந்தது. பத்துப் பெண்கள் என்ன பேசினார்கள் என்பது இரு தரப்பு ஆண் தலைவர்களின் அறிக்கைகளைப் போல மக்கள் நினைவில் பதியவில்லை. 1992 முதல் 2019 வரை உலகின் பெரிய அமைதிப் பேச்சுகளில் பேசியவர்களில் பெண்கள் 13 விழுக்காடு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு கணக்கிடுகிறது. அந்தச் சிறு பங்கும் செய்தியாகாவிட்டால் அது இல்லாததற்குச் சமம்.

புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த இசைப்பிரியா 2009-ல் கொல்லப்பட்டார். அதற்குமுன் அவர் உயிரோடு பிடிபட்டிருந்ததை 2013-ல் சேனல் 4 வெளியிட்ட காணொளி காட்டியது. போர்க்குற்றத்தின் சான்றாக அது விசாரணையாளர்களிடமும் நீதிமன்றத்திலும் இருக்க வேண்டியது. ஆனால் அந்தப் பெண்ணின் கடைசிக் கோலம் தமிழ்த் தொலைக்காட்சிகளிலும் சமூக ஊடகங்களிலும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. நீதி கேட்கும் ஆவேசம் உண்மையானது. எனினும் கொன்றவர்கள் எடுத்த கோணத்திலேயே அவளை மீண்டும் மீண்டும் காட்டுவது நீதியின் பக்கம் சேராது. அவளுடைய வேலையையும் பெயரையும் சொல்லி, படத்தை மறைத்திருந்தாலும் குற்றத்தின் கனம் குறைந்திருக்காது.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தெருவோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினர். முன்னின்று நடத்துபவர்கள் தாய்மார். ஆண்டு நிறைவு நாளில் அவர்களின் அழும் முகம் அச்சாகிறது. அரசு அமைத்த காணாமல் போனோர் அலுவலகத்தை அவர்கள் ஏன் ஏற்கவில்லை, எந்த விசாரணையை ஏற்பார்கள், அதற்கான காரணங்கள் என்ன என்பவை அரிதாகவே அச்சாகின்றன. அந்தப் பெண்கள் துயரத்தின் சின்னங்களாக மட்டும் இருந்துவிடவில்லை. இலங்கையின் இடைக்கால நீதி பற்றி யாரையும்விடத் தெளிவாகப் பேசக்கூடிய அரசியல் மனிதர்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண்களின் குரலோ தமிழ் ஏடுகளில் இன்னும் குறைவு. பெண் குரல் வேண்டும் என்பவர்கள் எந்தப் பெண்ணின் குரல் என்றும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலன் தந்த வழிகள்

பிரச்சினை பெரியது என்றாலும் தீர்வுகள் எளியவை. பணமும் பெரிதாக வேண்டாம். பிபிசியில் 2017-ல் செய்தி நெறியாளர் ராஸ் அட்கின்ஸ் தன் நிகழ்ச்சியில் தொடங்கிய 50:50 முயற்சி அதற்குச் சான்று. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் குழுவினரே சில நிமிடம் ஒதுக்கி, தாம் தேர்ந்தெடுத்துப் பேச வைத்தவர்களை எண்ணினார்கள். பிரதமர் போன்ற தவிர்க்க முடியாதவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. 39 விழுக்காடாக இருந்த பெண்களின் பங்கு நான்கே மாதங்களில் பாதியைத் தொட்டது. போர்க்காலத்துக்கு இது அப்படியே பொருந்தும். தளபதி யார் என்பது ஆசிரியரின் கையில் இல்லை. எல்லைக் கிராமத்தில் யாரைக் கேட்பது, மருத்துவமனையில் யாரைக் கேட்பது, சர்வதேசச் சட்டம் பற்றி யாரை அழைப்பது என்பவை முழுக்க அவர் கையில்தான் இருக்கின்றன.

இரண்டாவது, ஆள்பட்டியல். பாதுகாப்பு, சட்டம், பொருளாதாரம், பொதுச்சுகாதாரம் ஆகிய துறைகளில் பேசக்கூடிய பெண் வல்லுநர்களின் தொலைபேசி எண்களை அமைதிக் காலத்திலேயே திரட்டி வைக்க வேண்டும். இரவு ஒன்பது மணி விவாதத்துக்கு எட்டு மணிக்கு ஆள் தேடும்போது கைக்கு முதலில் அகப்படுவது பழைய பெயர்கள்தான்.

மூன்றாவது, பேட்டிக்கான எழுத்து விதிகள். முராத் நெறிமுறையைத் தமிழில் சுருக்கி ஒவ்வொரு நிருபரின் கையிலும் கொடுக்கலாம். பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவரின் ஒப்புதல், முகமும் ஊரும் மறைத்தல், மறு பேட்டியைத் தவிர்த்தல், உளநல உதவிக்கு வழிகாட்டுதல் ஆகியவை கட்டாயமாக வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. பெண் உடலுக்குப் பொருந்தும் கவச உடை, களத்துக்குப் போகுமுன் பயிற்சி, இணையத் தாக்குதல் வந்தால் நிறுவனமே புகார் கொடுத்து வழக்கை நடத்துதல், பகுதிநேர நிருபருக்கும் உள்ளூர் உதவியாளருக்கும் காப்பீடு. பெரும்பாலான போர்ச் செய்திகள் உள்ளூர்ப் பெண்களின் உழைப்பில்தான் உருவாகின்றன. கீவ் அருகே 2022 மார்ச்சில் வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் குழுவோடு கொல்லப்பட்ட ஒலெக்சாண்ட்ரா குவ்ஷினோவாவுக்கு வயது 24; அவர் அந்த ஊரைச் சேர்ந்த செய்தி உதவியாளர்.

ஐந்தாவதும் கடைசியும், முடிவெடுக்கும் நாற்காலி. பெண் நிருபரைக் களத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் அனுப்பிய செய்தியில் எது தலைப்பு என்பதை ஆண்கள் மட்டுமே கூடிய அறை தீர்மானித்தால் பழைய அச்சுகள் தொடரும். பெய்ஜிங் மாநாட்டின் செயல்திட்டம் 1995-லேயே ஊடகத்தில் பெண்களின் பங்கேற்பையும் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் ஒரே இலக்காக வைத்தது. பங்கேற்பு ஓரளவு கிடைத்துவிட்டது. அதிகாரம் இன்னும் வந்து சேரவில்லை.

இதுவரை பார்த்தவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு இது. ருவாண்டாவின் வெறுப்பு வானொலி, அமெரிக்காவின் கட்டுக்கதை வீராங்கனை, குரோஷியாவின் சூனிய வேட்டை என எல்லாவற்றிலும் பெண்களைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். அவர்களிடமே கேட்டுச் சரிபார்க்கவில்லை. அகயேசு வழக்கிலும், டெனிசோவா விவகாரத்திலும், பெதோயாவின் போராட்டத்திலும் கேள்வி கேட்கவும் சரிபார்க்கவும் பதிலளிக்கவும் பெண்கள் முன்வந்தார்கள், உண்மை வெளிவந்தது. பாலினச் சமத்துவத்தைப் போர் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் ஊடகம், போர் நடக்கும்போதே பாதி உண்மையை இழக்கிறது. தமிழ்ச் செய்தி நிறுவனங்கள் அடுத்த நெருக்கடிக்குக் காத்திருக்காமல், இந்த வாரத்திலிருந்தே தம் பக்கங்களிலும் திரையிலும் பேசியவர்களை எண்ணத் தொடங்கட்டும். அந்த எண்ணிக்கையை வாசகர் முன் வெளியிடட்டும்.